ஐந்து நட்சத்திர பிரேக்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆன்லைனில் போட்ட பிரேக் பேட் வந்துவிட்டது. செரிக்கின் சைக்கிள் பட்டறையில் ஒரு ஜோடிக்குக் கேட்ட விலையில் நாலு ஜோடி. மத்தியானமே மாட்டிவிட்டேன். என் பெண்டாட்டி ஷோல்பன் நம்பாமல் பார்த்தாள். "மிச்சம் பிடிக்க உனக்கு பிரேக்தான் கிடைச்சுதா?"

வீட்டுக்கு ஒரே மின்சார சைக்கிள். பகலில் அவள் வீடு வீடாக ஆர்டர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள், சாயங்காலம் நான். இந்த அல்மாத்தி நகரத்தில் மலைப் பக்கம் ஏற மோட்டார் இருக்கிறது; இறங்க பிரேக்கை விட்டால் கதியில்லை. அது எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 10, வியாழன்

லேசாகக் கீச்சென்கிறது. புதுசு, பழகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

ஷோல்பன் விழுந்துவிட்டாள்.

மேலே ஒரு வீட்டில் சொர்பா சூப் கொடுத்துவிட்டு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே சிக்னலில் பஸ். அதில் போய் மோதாமல் தெருவோர வாய்க்காலுக்குள் வண்டியை விட்டிருக்கிறாள். வலது தோள்பட்டை எலும்பு முறிவு. ஆறு வாரம் என்கிறார் டாக்டர்.

பேடைக் கழற்றிப் பார்த்தேன் — நாலே நாளில் வெறும் தகடு. எவன் செய்தான் இதை? அவன் பெண்டாட்டியை இதில் ஏற்றி அனுப்புவானா?

ஏப்ரல் 13, ஞாயிறு

விற்றவனுக்குப் படத்தோடு எழுதினேன். பதில் வந்தது: "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, பிரேக்கை அதிகம் பிடித்தீர்களா?"

பின்னே, அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா வாங்கினேன்? சமதளத்தில் ஓட்டினால் நன்றாக உழைக்குமாம். இவனுக்காக ஊரை நிரவி வைக்கணுமா? ஆயிரம் பேர் இதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கண் அவிஞ்சா போச்சு?

ஏப்ரல் 14, திங்கள்

ஒரு நட்சத்திரம் போட்டு அவனை நாறடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். "நீங்கள் ஏற்கெனவே மதிப்பிட்டுவிட்டீர்கள்" என்றது.

என் பெயர். எட்டாம் தேதி. ஐந்து நட்சத்திரம். "அருமை, நம்பி வாங்கலாம்."

பார்சல் கொடுக்கும் கடையில் நின்றபடியே, பெட்டியைப் பிரிக்கும் முன்பே போட்டிருக்கிறேன். போட்டால் அடுத்த பொருளுக்குத் தள்ளுபடி. அங்கே எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். இனி மாற்ற முடியாதாம்.

ஷோல்பனிடம் சொன்னேன். "அந்த ஆயிரம் பேர்ல நீயும் ஒருத்தனா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

என் மதிப்பீட்டுக்குக் கீழே ஒரு கேள்வி. மகிரா என்று ஒரு பெண். "அண்ணா, இறக்கத்துல தாங்குமா? தம்பிக்கு வாங்கணும்."

உடனே பதில் போட்டேன். நீக்கிவிட்டார்கள். தகாத சொற்களாம்.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி எழுதினேன், மறுபடி நீக்கினார்கள். ஆள் விழுந்தது இவர்களுக்கு உறுத்தவில்லை, நான் திட்டினது உறுத்துகிறது.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் ஷோல்பன் இடது கையால் போனைப் பிடுங்கினாள். "உன் கோவத்தை யாரு கேட்டா? விஷயத்தை எழுது." அவளே எழுதினாள்: "நாலு நாளில் தேய்ந்தது. நான் விழுந்தேன். மாட்ட வேண்டாம்." இதை யாரும் நீக்கவில்லை.

பதினொரு மணிக்கு மகிராவிடமிருந்து: "உங்க பதிலே வரலியேண்ணா. அருமைன்னு போட்டிருந்தீங்களேன்னு நேத்தே வாங்கிட்டோம். தம்பி அதை மாட்டிக்கிட்டு மலைப் பக்கம் ஏறிட்டான். போன் போடறேன்."

ஒரு மணி. ஒன்றுமில்லை. மூன்று மணி. ஒன்றுமில்லை. நான் சாப்பிடவில்லை. ஷோல்பனும் சாப்பிடவில்லை. இரண்டு நாள் — என் வாய்க்கொழுப்பால் போன இரண்டு நாள்.

ஐந்து மணிக்கு வந்தது. தம்பி போனை எடுத்துவிட்டானாம். மலை மேலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினானாம். வழி நெடுக அந்த "அருமை" எழுதினவனைத் திட்டிக்கொண்டே வந்தானாம்.

"என்னென்ன சொல்லித் திட்டினான்னு கேளு" என்றாள் ஷோல்பன்.

கேட்டேன். மகிரா எழுதி அனுப்பியதை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தேன். ஷோல்பன் ஒன்றை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.