ஐந்தாவது பாடம்

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கே வெயில். துணி பாதி காய்ந்தது. மகள் கீர்த்தியின் பன்னிரண்டாம் வகுப்பு விண்ணப்பம் இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும். திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம்.

தமிழ், ஆங்., வரலாறு, அரசியல் அறிவியல். இதுவரை தகராறு இல்லை. ஐந்தாவதுதான் இடிக்கிறது. அவளுக்குப் புவியியல் வேண்டுமாம். எனக்குப் பொருளாதாரம். படிக்கப் போவது அவள், எனக்கென்ன வந்தது?

குவைத்தில் இருக்கும் அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "நீயே பாத்துக்கோ, நான் டூட்டில கீறேன்" என்றார். நாலு வருடமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 9, புதன்

மலைக்கோயிலுக்குப் போனோம். எங்கள் வரலாற்று வகுப்பு படிக்கட்டில்தான். படிக்கு ஒரு வருடம் என்று கணக்கு. ராஜா மாறுகிற படியில் நின்று அடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படி, எத்தனை வம்சம் வேண்டுமானாலும் அடங்கும்.

எட்டாம் வகுப்பில் திக்கித் திக்கி வாசித்தாள் என்று வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை, நானும் அனுப்பவில்லை. படியேறும்போது மட்டும் அவள் திக்குவது தெரிவதில்லை. மூச்சு வாங்குவதால் எல்லோருமே விட்டு விட்டுத்தானே பேசுகிறோம்.

மேலே போனதும் அவள் வகுப்பு. ஏரி நோட்டைத் திறந்து எந்த ஏரியில் தண்ணீர், எது வறண்டது என்று குறிக்கிறாள். ரயில் பாதை, ஆந்திரா பக்கத்து மலைகள் எல்லாம் அளவாக வரைந்திருக்கிறாள். "அ-அங்க பாரும்மா, ரொம்பிடுச்சு!" எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது.

இறங்கும்போது பூக்கடையில் இரண்டு பேர். "அது ஸ்கூலுக்கே போவாத பொண்ணு. எந்நேரமும் அம்மாவோடதான் சுத்திகினு கீது." காதில் விழாதது போல வந்தேன்.

ஜூலை 12, சனி

பொய் சொன்னேன்.

புவியியல் என்றால் செய்முறை உண்டு. ஞாயிறுதோறும் திருவள்ளூர் மையத்துக்குப் போக வேண்டும். வாய்மொழித் தேர்வு வேறு. பொருளாதாரத்துக்கு அதெல்லாம் இல்லை, வீட்டிலேயே படிக்கலாம். "அந்த சென்டர்ல புவியியல் செய்முறை நடத்துறதில்லயாம்டி" என்றேன். நான் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"ஆங்" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடியும் சிரிப்பார்களே என்ற பயம் உண்மைதான். ஆனால் அது பாதி. மீதியை இங்கே மட்டும் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன்?

ஜூலை 15, செவ்வாய்

து. பருப்பு. ரப்பர். காஸ் புக் பண்ண வேண்டும். கொசு வலையில் ஓட்டை.

பொருளாதாரம் மாதிரிப் பாடம் வாசித்தோம். தேவை, அளிப்பு. இரண்டு பேருக்கும் கொட்டாவி. ஏரி நோட்டு அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. கோபித்துக்கொண்டாலாவது சமாதானம் சொல்லலாம்.

ஜூலை 17, வியாழன்

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. திருவள்ளூர் மைய எழுத்தர்.

"கீர்த்தி அம்மாங்களா? திங்கக்கெழம உங்க பொண்ணு ஃபோன் பண்ணுச்சுங்க. ரெண்டு வாட்டி பேச்சே வரல, வெச்சிடுச்சு. மூணாவது வாட்டி கேட்டுடுச்சு, புவியியல் செய்முறை நடக்குதான்னு. நடக்குதும்மான்னு சொன்னேன். ஃபாரம் இன்னும் வரலியே, அதான் கேட்டேன்."

ஃபோன் அடித்தாலே என்னிடம் நீட்டிவிடுகிறவள். நான் ரேஷனுக்குப் போயிருந்த நேரமாக இருக்கும். மூன்று தடவை! எத்தனை நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளோ.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை என் பொய் தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்து தேவை, அளிப்பு வாசித்திருக்கிறாள்.

"ஏன்டி என்னாண்ட கேக்கல?"

"நீ த-தனியா இருப்பியேன்னுதான்மா."

வெட்கமாக இருந்தது. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஐந்தாவது பாடம்: புவியியல். நானே அனுப்பினேன். அலமாரி மேலிருந்து நோட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன். தூசி தட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். முதல் வகுப்பு. புளிசாதம், அப்பளம், குடை. ஸ்டேஷன் வரைக்கும்தான் எனக்கு அனுமதி. "நீ ஏ-ஏறாதம்மா, நானே போறேன்." லோக்கல் வண்டி வந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது, போய்விட்டாள்.

மணவூர் தாண்டியதும் ஒரு படம் அனுப்பினாள். ஏரி. கீழே, "பாதி தண்ணி." வேறொன்றும் இல்லை.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மலைக்கு நடந்தேன். ஆடிக் கூட்டம், வழியெல்லாம் காவடி. எண்பதாவது படியில் ராஜா மாற வேண்டும். பழக்க தோஷம், நின்று, "அடுத்து யாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

பின்னால் காவடியோடு வந்தவர் நின்றுவிட்டார். "என்னையாம்மா கேட்டீங்க?"

"இல்லீங்க" என்றேன். அவர் தாண்டிப் போனதும் பெயரை நானே சொன்னேன். மூச்சு வாங்கியதால், விட்டு விட்டு.