பரணில் தூங்கிய சொட்டுநீர்

அத்தை, நேற்று மதியம் உன் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை கிடைத்தது. ஆட்டின் காதில் குத்துவார்களே, அந்த நம்பர் வில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது, ஆட்டு வாசனை எப்போதோ போய்விட்டது. வெளியே தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம். வெயிலில் கண் சொருக, பெட்டி மேலேயே தலையைச் சாய்த்தேன். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரத்தில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். தலையில் ஈரத் துணி, இடுப்பில் குடம். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதே எனக்கு நினைவில்லை.

அந்த ஆட்டின் கதையை, நான் உனக்கு மருமகளாவதற்கு முன்பே, என் நைனாவின் அக்காவாக எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வாய். சப்சிடியில் வந்த ஆடு. மழையில் நனைந்து செத்தது. வில்லையோடு காதை அறுத்து எடுத்து வந்து காட்டினால்தான் செத்ததாகக் கணக்கு என்றார்களாம். வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறினாய். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அங்கே ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் இலையைப் பிரிக்கவே விடவில்லை. செத்ததா, இல்லை நீங்களே துன்னுட்டீங்களா என்று கேட்டுச் சிரித்தார். நீ இலையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாய். கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பாய். எனக்கு அப்போது அது சிரிப்புக் கதை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

பிறகு பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் உன் பேருக்கு நிலம் வந்தது. ஊரார் தோப்பிலெல்லாம் காய் பறித்துக் கூலி வாங்கிய கையால் உன் சொந்த மண்ணில் பெங்களூரா மா ஒட்டுச்செடி நட்டாய். அந்தக் கோடையில் செடிகள் வாடின. போர்வெல்லில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. செடிகள் பட்டுப்போனால் மறுபடி அடுத்தவன் தோப்புக்குக் கூலிக்குத்தான் போக வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் தருகிறார்கள், மனு போடலாம் என்று நான் சொன்னதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை நீ. நானும் வாயாடிதானே, விடவில்லை. கடைசியில் உன் மகன் கெஞ்சி உன்னைக் கையெழுத்துப் போட வைத்தான். குழாய் வந்தது, பதித்தார்கள். பேரெழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாய். பல்வலிக்காரி மாதிரி முகம்.

நாங்கள் குடியிருந்த ரேணிகுண்டாவுக்குத் திரும்பி, அடுத்த மாதம் வந்து பார்த்தால் தோப்பில் ஒரு குழாய்கூட இல்லை. எல்லாம் சுருட்டி, பழம்புடவையில் கட்டி, பரண்மேல் பத்திரமாக இருந்தது. நீ குடத்தோடு செடிக்குச் செடி நடந்துகொண்டிருந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தித் தீர்த்தேன். நீ குடத்தை இறக்கவே இல்லை.

“நாளிக்கி வந்து எங்கன்னு கேட்டா? எலி கட்ச்சிட்ச்சின்னா நம்புவானா? இன்னொரு வாட்டி காத அறுத்துக்கினு போவ என்னால முடியாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அந்தக் குழாயை வெறுக்கவில்லை. அடுத்தவன் பொருளைக் காவல் காக்கிற மாதிரி காத்துக்கொண்டிருந்தாய்.

சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக எடுத்து விரித்தோம். வந்தது ஒரு சின்னப் பெண், ஸ்கூட்டியில். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு சேறில்லை. நான் ஏதோ பொய் சொல்ல வாயெடுப்பதற்குள், பத்திரமாகப் பரணில் வைத்திருந்தேன் என்று நீயே தெலுங்கில் சொல்லிவிட்டாய். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

“இதி மீதே அம்மா,” என்றாள். இது உங்களுடையதுதான், வெயிலில் கிடந்து கெட்டாலும் உங்களுடையதுதான், அப்படிக் கெட்டால்தான் கொடுத்ததற்குப் பலன் என்று மெதுவாகச் சொன்னாள்.

நீ அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஆளா? அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் கேட்டாய்.

“காத எடுத்துக்கினு வான்னு கேக்க மாட்டியே?”

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும், ஆனால் அன்று மொழிபெயர்க்கவில்லை. உன்னைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன், அவளுக்கும் சேர்த்து.

அன்று மதியம் தண்ணீர் விட்டோம். நீ ஒரு செடியடியில் குந்தி உட்கார்ந்து, சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொட்டு, கொஞ்சம் மௌனம், அடுத்த சொட்டு. மழையில்லாமலே மண்வாசனை எழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. வெயில் தாழ்ந்தது. நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் இடையில் அப்படி ஒரு சண்டையில்லாத மதியம் அதற்கு முன் வந்ததே இல்லை.

கொஞ்ச நாளில் அணில் ஒரு குழாயைக் கடிக்க, தண்ணீர் பீறிட்டது. நீ யாரையும் கேட்காமல் கத்தியை எடுத்து வந்து, ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்தாய். உன் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

செடிகள் பிழைத்தன அத்தை. இன்று நிழல் விழுகிற தோப்பு அது. குழாய்கள்தான் வெயிலில் வெளுத்து, தொட்டால் நொறுங்குகின்றன. நிலம் என் பேருக்கு மாறிவிட்டது. போன வாரம் புதுக் குழாய்க்கு மனு கொடுக்கப் போனேன். வரிசையில் நிற்கும்போதே சொல்லவேண்டிய பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பழசு என்ன ஆனது என்று மேசைக்காரர் கேட்டார்.

“தேஞ்சிபோச்சு சார். அதுலதான் தோப்பு வளத்தோம்.”

அவர் தலையாட்டி அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்குத்தான் நீ அத்தனை வருஷம் பயந்திருந்தாய் என்று நினைத்து, ஊர் வரும்வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.