தம்பிக்கு டொக்டர், எனக்கு டோனட்

14 நவம்பர் 1996, வியாழன்

தம்பிக்குக் கவனக்குறைபாடா என்று பார்க்க இன்று டொக்டரிடம் போனோம். அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். சம்பளம் ஒரு டோனட்.

ஓரிடத்தில் இருப்பானா, பொருட்களைத் தொலைப்பானா, வீட்டிலும் பள்ளியிலும் இப்படித்தானா என்று டொக்டர் கேட்டார். டீச்சரையும் விசாரித்த பிறகுதான் முடிவு சொல்வாராம். ஆனாலும் தம்பியின் தலையைத் தடவி, "உன்னில் பிழையில்லை" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் கேட்டதெல்லாம் என் சரித்திரம். நான் செய்தால் குழப்படி, அவன் செய்தால் நோயாம், வருத்தமாம்.

"வீட்டில் வேறு யாரும் இப்படியா?" என்று டொக்டர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

"இவளும் சின்னனிலை உப்பிடித்தான். பொம்பிளைப் பிள்ளையெல்லோ, அடிச்சுத் திருத்திப்போட்டன்."

பிள்ளையை அடித்தால் பொலிஸ் வரும் இந்த நாட்டில், அடித்த கதையைச் சொன்னால் அம்மாதான் மாட்டுவார்.

"ஒருவரும் இல்லையாம்" என்று டொக்டரிடம் சொன்னேன்.

வரும் வழியில் தம்பியின் டோனட்டையும் பறித்துத் தின்றேன்.