பெஞ்சின் நடு இடம்

அன்பு மகள் ஐலிக்கு, ரெய்னோ சித்தப்பா எழுதுவது. நானும் லெம்பி சித்தியும் சுகம், ஏரியும் உறைந்து சுகமாய்க் கிடக்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். இந்த வருடப் பனி கூரையைத் தாண்டிவிட்டது, நான் புகைபோக்கி வழியாகத்தான் வெளியே போய் வருகிறேன், சித்தியிடம் கேட்டுச் சரிபார்க்காதே.

வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் உங்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை நம் அரங்கத்துக் காப்பிக் கடை டிவியில் ஊரே கூடிப் பார்த்தது. நீ துணைக் கோச்சாக இருக்கும் பெண்கள் அணியின் தலைமைக் கோச் பிராட்லி நடுவரைக் கண்டபடி திட்டி, தண்ணீர் பாட்டிலை ஐஸில் எறிந்து, கடைசிப் பகுதி தொடங்கியதுமே வெளியேற்றப்பட்டான். “இப்பப் பாருங்கடா எங்க பொண்ண!” என்று நான் எழுந்த வேகத்தில் காப்பி பக்கத்தில் இருந்தவன் மடியில். நீ என்ன செய்தாய்? பெஞ்சுக்குப் பின்னால் தலைமைக் கோச் நிற்கும் நடு இடம் காலி. நீ எப்போதும் போல ஓரத்தில், ஆட்டக்காரிகள் ஐஸில் இறங்கி ஏறும் கதவைத் திறந்துவிட்டபடியே நின்றாய். அங்கிருந்தே யார் இறங்க, யார் ஏற என்று கத்தினாய், ஒரு கோல் பின்தங்கியபோது கோல் காக்கிறவளை வெளியே இழுத்துக் கூடுதலாக ஒருத்தியைத் தாக்குதலுக்கு அனுப்பிச் சமன் செய்தாய், கூடுதல் நேரத்தில் ஜெயித்தாய். மறுநாள் பேப்பரில் யார் படம்? பிராட்லி படம்!

நான் ஏழாவதோடு நின்றவன், ஆனாலும் உன்னை வளர்த்த உரிமையில் கேட்கிறேன். விளையாடும் வயது முடிந்ததும் சம்பளமில்லாமல் அணிக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பினாய். பிறகு பனியில் ஊர் ஊராகக் காரோட்டிப் நன்றாக ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அணிக்குக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாய். தலைமைக் கோச் மாறினால் புதிதாக வருகிறவன் தன் ஆட்களோடு வந்தான், நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போனாய். ஒரு தடவையாவது ‘அந்த வேலை எனக்கு வேணும்’ என்று கேட்டாயா? “வேலையப் பாத்து அவங்களே கூப்பிடுவாங்க சித்தப்பா” என்பாய். நம் ஆட்கள் எல்லோருக்கும் இதே வியாதி, தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று பயம். உங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருவன் பேச வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை நம் வீட்டு ஆவிக்குளியலுக்கு ஹார்லன் வந்தான், ஏரிக்கரைக் கல்லூரியின் விளையாட்டுத் துறை முழுக்க அவன் பொறுப்பு. பெண்கள் அணிக்குத் தலைமைக் கோச்சாக உன்னைக் கூப்பிட்டானாம், ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றாயாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளாம். எனக்கு இது புதுச் செய்தி! காய்ந்த கல்லில் தண்ணீரை ஊற்றி ஆவியைக் கிளப்பி, அவன் ஓட முடியாதபடி வாசலை மறைத்து உட்கார்ந்து, சின்ன வயதில் நீ கரடியையே ஐஸில் சுற்றவிட்ட கதையை எடுத்துவிட்டேன். “யோவ் ரெய்னோ, கரடியெல்லாம் வேணாம்யா. அந்த ஆட்டத்த நானும் பாத்தேன். ஓரத்துல நின்னே ஜெயிச்சா, ஒத்துக்கறேன். நடு இடம் காலியாக் கெடந்துச்சே, ஏன் போய் நிக்கல? எங்ககிட்ட வந்தும் கதவத்தான் திறந்துட்டு இருப்பாளா?” என்றான். மகளே, நான் கல்லில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். “ரெண்டு பேரும் செத்துட்டீங்களா? சத்தத்தயே காணோம்!” என்று சித்தி வெளியே இருந்து கதவைத் தட்டினாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. சின்னக் கல்லூரிதான், வேண்டாம் என்றாலும் நான் கோபிக்கமாட்டேன். ஆனால் அதை நீயே வாயால் சொல். சும்மா இருந்தே இதையும் கைநழுவ விடாதே.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, சித்தியின் முத்தங்கள். வெள்ளிக்கிழமை காலையே நான் ஹார்லனின் அறைக்குப் போய் உட்கார்ந்து, அவனை நாற்காலியை விட்டு எழவிடாமல் பார்த்துக்கொள்வேன். நீ கூப்பிட்டு அங்கே ஃபோன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா ரெய்னோ