தொடுவதற்குப் பயந்து

மார்ச் 4

அன்புள்ள என்னங்க,

இங்கே மகளும் நானும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இதைப் போனில் பேச முடியாது. உங்கள் அறையில் உங்களோடு இன்னும் மூன்று கிரேன் டிரைவர்கள். இங்கே மகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கருப்பை வாயில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நீங்கள் லீவில் வந்தபோது ஒருநாள் நெருங்கினோம். வலி தாங்காமல் கத்திவிட்டேன். அதற்கப்புறம் திரும்ப வேலைக்குக் கிளம்பும்வரை நடுவில் தலையணை வைத்துப் படுத்தீர்கள். கையைக்கூடத் தொடவில்லை.

என்மேல் அருவருப்பா? கேட்டுவிட்டேன். எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


மார்ச் 11

என் வாயாடிக்கு,

அருவருப்பா? அடி அசடே!

அன்று நீ குளியலறைக்குப் போனதும் விளக்கைப் போட்டேன். விரிப்பில் நாணயமளவு ரத்தம். அடங்கிக் கிடந்த நோயை நான்தான் கிளப்பிவிட்டேன் என்று பயந்துபோனேன். சொன்னால் நீயும் பயந்துவிடுவாய் என்று, விரிப்பை ஊறப்போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குகிறவன், உன் தோளில் கை வைக்க நடுங்குகிறேன்.

அடுத்த மாதம் லீவு கிடைத்திருக்கிறது. வரட்டுமா?

உன்னவன்


மார்ச் 30

என்னங்க,

ரத்தம் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையா மறைப்பீர்கள்? அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சதை எடுத்துச் சோதித்தார்கள்.

நோய் திரும்பவில்லை.

"கதிர்வீச்சுல உள்ள வறண்டு சுருங்கிப் போயிருக்கும்மா. அதான் வலி, அதான் ரத்தம். அவர் தொட்டதால எல்லாம் நோய் வராது" என்றார் டாக்டரம்மா. நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே சதை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரலளவு பிளாஸ்டிக் கருவி ஒன்றும், வழவழவென்று ஒரு ஜெல்லும் கொடுத்து, எப்படி என்று சொல்லித்தந்தாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வெட்கப்பட்டா யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செய்து பார்க்கிறேன். இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. முன்போல ஆகுமா, தெரியாது.

நீங்கள் வாருங்கள். எதுவும் நடக்க வேண்டாம். நான் போதும் என்றால் நிறுத்திவிட வேண்டும்; அதற்காகத் தள்ளிப் போய்விடக் கூடாது. பயமாக இருந்தால் பயந்துகொண்டே என்னைக் கட்டிக்கொள்ளுங்கள். நானும் பயந்துகொண்டுதான் இருப்பேன்.

உங்கள்
வாயாடி