அடுப்பு எரிந்த குளிர்காலம்

அன்பு மகள் மார்லீனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மெய்ன் மாநிலத்தில் நானும் உன் அம்மாவும் இருக்கிற நலத்தோடு இருக்கிறோம், அயோவாவில் நீ அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இப்போது என் சட்டையில் உள்ள கறையெல்லாம் தெரிகிறது, அதனால் வீட்டில் நிம்மதி இல்லை. உன் தம்பி ஜெரார் சனிக்கிழமை பீன்ஸ் சாப்பிட வந்தான், முழங்கால் வலி என்று வந்தவன் மூன்று தட்டு சாப்பிட்டான். உன் வண்டிக்குப் பனிக்கால டயரை முதல் பனிக்கு முன்னாலேயே மாற்றிவிடு, போன வருடம் போல விழுந்த பிறகு ஓடாதே.

இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன். நான் பத்தாவதோடு காகித ஆலைக்குப் போனவன் என்பது உனக்குத் தெரியும். ஆலை மூடிய பிறகு இத்தனை வருடமாகப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறேன், ஒரு பேருந்தும் ஒரு பிள்ளையையும் நடு ரோட்டில் விட்டதில்லை. இப்போது பள்ளிப்படிப்புச் சான்றிதழ் இல்லாதவன் பட்டறை மேலாளராக இருக்கக் கூடாதாம். வருகிற வெள்ளிக்கிழமை தேர்வு, தவறினால் என் நாற்காலியில் நேற்று வந்த ஒருவன் உட்காருவான். அதற்காக வாரம் இரண்டு மாலை நூலகத்தில் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன். கணக்கு வருகிறது. வாசிப்புதான் உயிரை வாங்குகிறது. ஒரு பக்கம் கதை கொடுத்து இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டு நான்கு விடை வைக்கிறார்கள். ஆசிரியை ஹாஸ்கல் அம்மாள் நல்லவர், ஆனால் ஒரே பாட்டு, உங்க தலையில இருக்கிறத வெளியில வச்சிட்டு வாங்க, தாள்ல இருக்கிறத மட்டும் படிங்க என்பார்.

போன செவ்வாய் எடுத்த பாடத்தில் ஒரு ஆலைத் தொழிலாளி வேலை இழக்கிறான். மூடி உடைந்து பூட்ஸ் கயிற்றால் கட்டிய பச்சைச் சாப்பாட்டு டப்பா வைத்திருக்கிறான். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் ரொட்டி சுடுகிறான், மகள் மாவு பிசைகிறாள், சமையலறைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம், எல்லோரும் அங்கேயே படுத்துத் தூங்குகிறார்கள். அந்த டப்பா என்னுடையது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாடங்களை எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தேன், உன் பெயர் இருந்தது. ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பிறகு விடைகளைப் படித்தேன். ஒரு தகப்பன் தன் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கிறான் என்பது இரண்டாவது, அதைக் குறித்தேன். அது தப்பாம். மாற்றத்தை மனதார ஏற்றவன் புது மகிழ்ச்சியைக் கண்டடைகிறான் என்பதுதான் சரியாம். நான் விடவில்லை. ஹாஸ்கல் அம்மாள், மறைக்கிறார்னு எந்த வரியில இருக்கு, காட்டுங்க லூசியன் என்றார். எல்லோரும் சமையலறையில் தூங்கிய வரியில் விரலை வைத்தேன். அது சும்மா ஒரு விவரம், மையக்கருத்து இல்ல என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, உணவுக்கடையில் வேலை செய்யும் கெய்லா, விடுங்க பெரியவரே, என்னமோ உங்க வீட்டுக் கதை மாதிரி சண்டை போடுறீங்களே என்று சிரித்தாள், வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்லீன், ஆலை மூடிய அந்த வருடம் வீட்டைச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டி ஜனவரியிலேயே காலி. நிரப்ப வழியில்லை. சமையல் அடுப்பு தனி எரிவாயு, அது ஒன்றுதான் எரிந்தது. சும்மா அடுப்பை எரியவிட்டால் ஏன் என்று பிள்ளைகள் கேட்பீர்கள், அதனால் ரொட்டி சுட்டேன். எனக்கு மாவைத் தொடவே பிடிக்காது. மகிழ்ச்சியாம், மண்ணாங்கட்டி. உன் அம்மா என்னைத்தான் திட்டுகிறாள், தெரியக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க, தெரியல, அப்புறம் எதுக்கு அவ மேல பாயுறீங்க என்கிறாள். நியாயம்தான். அப்போது உனக்குப் பதினொரு வயது. ஆனால் அந்தப் பாடத்தை எழுதும்போது உனக்கு முப்பத்தெட்டு. நான்கு பேர் ஒரு சமையலறைத் தரையில் ஏன் படுத்தார்கள் என்று உன் கையாலேயே எழுதிய வரியை நீயே ஒருமுறை நின்று படிக்கவில்லை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வாசிக்கக் கற்றுத் தருகிறாய்.

புத்தகத்தை மாற்று என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இப்படி ஏதாவது வந்தால் அவர்களுக்குப் பிடித்த விடையையே குறித்துவிட்டு வருவேன், எனக்கு அந்த வேலை வேண்டும்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் போன பிறகு பத்திரிகையில் மரண அறிவிப்புக்கு என்னைப் பற்றி நாலு வரி கேட்பார்கள், வீட்டில் எழுதத் தெரிந்தவள் நீதான். எழுதும் முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூசியன் பெல்டியே