சொட்டு நின்ற இடம்

கழற்றி வைத்த பம்பிலிருந்து வடிந்த டீசல் இன்னும் என் கையில் மணக்கிறது, காக்கா. உங்கள் காரின் பம்ப்தான். அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்ட உங்களோடு சண்டை வந்த பிறகு அந்தக் கார் என் பட்டறைக்கு வந்தது இன்றைக்குத்தான். உங்கள் மகன் கொண்டுவந்தான்.

இப்போது புதுப் பம்ப் பெட்டியோடு கிடைக்கிறது. அன்று உங்கள் பம்ப் பழுதானபோது, வெளிநாட்டிலிருந்து ஓர் ஆணிகூட வராத காலம். கொட்டியாரக் குடாவில் ஓடிக் கழிந்த லோஞ்ச் படகின் பம்பைத் தேடிப் பிடித்து வந்தீர்கள். விடிந்தால் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போக வேண்டும். பம்பிலும் எஞ்சினிலும் உள்ள அடையாளக் கோடுகளைச் சேர்த்துப் பூட்டினால் போதும் என்று நின்ற நிலையிலேயே அவசரப்பட்டீர்கள்.

"கோட்டுக்குக் கோடு வை தம்பி. முடிஞ்சுது கதை."

"ஏலாது காக்கா. அது லோஞ்ச் எஞ்சினுக்குப் போட்ட கோடு. எங்கட எஞ்சினுக்குச் சரிவராது."

"நீ எந்தப் பள்ளிக்கூடத்தில இதைப் படிச்சனீ?"

"ஒண்டிலயும் இல்லை. சொட்டு நிக்கிற இடம் பாத்துப் படிச்சனான்."

வளைத்த சிறு குழாயைப் பம்பின் முதல் வாயில் பூட்டினேன். நீங்கள் கிராங்கை மெல்லத் திருப்பினீர்கள். ஒழுகிய டீசல் சொட்டாகியது. சொட்டு மெலிந்தது. "பொறுங்கோ காக்கா!" என்று கத்தினேன். சொட்டு நின்றது. எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சத் தொடங்கும் இடம் அதுதான். அங்கேயே பம்பை இறுக்கி, பம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து உளியால் ஒரு வெட்டு வெட்டி, நட்டுகளின் மேல் சிவப்புப் பெயின்ற் பூசினேன். குழாய்களில் இருந்த காற்றை முழுதாக எடுக்க அரை மணித்தியாலம் கேட்டேன். நீங்கள் தரவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

மறுநாள் பாதை, அதுதான் வாகனங்களை ஏற்றி இறக்கும் மிதவை, அக்கரையில் தட்டியபோது நானும் அதில் நின்றேன். மனம் கேட்காமல் பின்னால் வந்தவன் நான். அந்த மிதவையில் உங்கள் கார்தான் முன்னுக்கு. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி முயன்றீர்கள். பிடித்தது, கரை மேட்டில் பாதி ஏறியதும் திணறி, வெள்ளைப் புகையைக் கக்கிப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. பின்னால் ஆழத் தண்ணீர். உள்ளே மாப்பிள்ளை. நானும் பாதைக்காரரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். எப்படியோ ஏறிவிட்டது.

"கரிக்கோச்சி வருது, விலகுங்கோ!" என்று கரையில் எவனோ கத்தினான். உங்கள் கார் புகைவண்டியாகிவிட்டது என்று சனம் சிரித்தது.

நீங்கள் இறங்கி வந்து அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்: "பிழையாப் பூட்டிப்போட்டு நிக்கிறாய். கொழும்பில குடுத்துச் செய்விக்கிறன்."

"குழாயில நிண்ட காத்து, காக்கா. ஓட ஓடச் சரிவரும்" என்றேன். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

கொழும்பு போய் வந்தீர்கள். புகை இல்லை. "அங்க கழட்டித் திருத்திப்போட்டாங்கள், இவன்ர வேலை முழுக்கப் பிழை" என்று தம்பலகாமம் வரை சொன்னீர்கள். அந்தப் பக்கத்து டிராக்டர்காரர்கள் பிறகு என் பட்டறைக்கு வரவில்லை.

இன்று நட்டைக் கழற்றுமுன் துணியால் துடைத்தேன். என் வெட்டு இம்மியும் விலகாமல் அப்படியே இருந்தது. சிவப்புப் பெயின்ற் வெடிக்கக்கூட இல்லை. கொழும்பில் யாரும் அதைத் தொடவில்லை, காக்கா. வழியிலேயே காற்றுப் போய்விட்டது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஆற்ற வெட்டு?"

குனிந்து பார்த்தான். "உங்கட வெட்டுத்தான் மாமா. மௌத்தாக முதல் வாப்பா சொன்னவர், பம்ப் போனா உங்களிட்டயே கொண்டு போகச் சொல்லி. வேற ஒருத்தரையும் தொட விடாதயாம்."

"பிழை தன்னிலதான் எண்டு சொன்னவரோ?"

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

அதுதானே. சாகுமுன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை மகனிடம் காரைக் கொடுத்தனுப்பித் தீர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய பம்பை அவனிடம் கொடுக்கவும் இல்லை. வெட்டு வெளியே தெரிய வாசல் தட்டில் வைத்திருக்கிறேன். தம்பலகாமத்தார் வந்து பார்க்கட்டும்.

புதுப் பம்பையும் சொட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். மகன் கிராங்கைத் திருப்பினான். சொட்டு மெலிந்தது. "பொறுங்கோ காக்கா!" என்று கத்திவிட்டேன். அவன் கை அப்படியே நின்றது. சொட்டும் நின்றது.

அது வாய்ப் பழக்கம். மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.